கூடத்தில் ஒரு பாய்லர்

எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியை நிறுத்தினால் போதும். சித்திரையில் எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் இரும்புப் பீப்பாயில் செய்த ஓர் உலையை நிறுத்தி, அதில் நிலக்கரியும் விறகும் போட்டு எரித்து, நாங்கள் பத்து நாள் குடியிருந்தோம். கல்லூரியில் இதைச் சொன்னபோது தோழிகள் பலர் நம்பவில்லை. நம்பிய ஒன்றிரண்டு பேர், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். எங்கள் அப்பா.

அப்பா மல்லசமுத்திரம் பக்கம் ஒரு சைசிங் மில்லில் பாய்லர் பார்த்தார். தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற மில் அது. நீராவி நின்றால் மில்லே நின்றுவிடும் என்பதால், மொத்த மில்லையும் தன் கையிலிருக்கும் கரித்தள்ளிதான் ஓட்டுகிறது என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கையை மில்லோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. அவர் அதைத் தினமும் வண்டியில் வைத்து எங்கள் ஊரான புதுச்சத்திரம் வரைக்கும் கொண்டுவந்தார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மில் வேலையோடு கோழி வளர்க்கும் ஆசையும் அவருக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டகை எழும்பியது. சுவர் வந்தது, கம்பி வலை வந்தது, கூரைத் தகடு மட்டும் வரவில்லை. ஆனால் பண்ணையில் சொல்லிவைத்திருந்த ஐநூறு குஞ்சுகள், சொன்ன நாளில், அட்டைப் பெட்டிகளில் கீச்கீச்சென்று வந்து இறங்கிவிட்டன. முட்டையிலிருந்து வெளியே வந்து ஒரு நாள்கூட முடியாதவை. மார்கழிப் பனி. ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் நல்ல சூடு வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். பொதுவாகக் குண்டு பல்பு கட்டித் தொங்கவிடுவார்கள். அது மின்சாரம் வந்த நேரத்தைவிட வராத நேரம் அதிகமாயிருந்த காலம்.

பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கிவிட்டு, அப்பா நாமக்கல்லுக்குப் போய் சாயங்காலம் ஒரு வேனில் திரும்பினார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், ஒரு பெரிய பீப்பாயைப் படுக்கைவாட்டில் வைத்துக் கால் வைத்து, முன்பக்கம் கதவு வைத்து, மேலே ஒரு குழாய் வைத்துச் செய்து வாங்கி வந்திருந்தார். மில்லில் சொல்லி நாலு மூட்டை நிலக்கரி. கூடவே ஒரு வண்டி சீமைக்கருவேல விறகு.

அம்மா வாசற்படியில் நின்று மறித்தாள்.

"ஏனுங்க, இது மனுசங்க குடியிருக்கற ஊடுங்க."

"பத்து நாளைக்குத்தான். கூரை வந்ததும் மாத்திப் போடலாம்."

"கிறிஸ்துமஸ் வருதுங்க. குடில் எங்க வெக்கறது? நாங்க எங்க படுக்கறது?"

"வாசல்ல படுத்துக்கலாம். பனிக்காத்து ஒடம்புக்கு நல்லது."

இப்படித்தான் எங்கள் வீட்டில் ஐநூறு கோழிக்குஞ்சுகள் கூடத்தில் கதகதப்பாகத் தூங்க, அந்த வீட்டைக் கட்டிய நாங்கள் வாசலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்தோம்.

கூடத்தின் உள்பாதி குஞ்சுகளுக்கு. தரையில் உமி பரப்பி, அதன்மேல் பழைய பேப்பர் விரித்து, வட்டமாகத் தகரம் கட்டி, ஓர் ஓரத்தில் உலை. குழாய் சுவரோரமாக மேலேறி, வெளிச்சத்துக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே போனது. குழாயின் இடுப்பில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் குழாய்க்குள்ளே ஒரு வட்டத் தகடு திரும்பும். நெட்டுக்க நின்றால் புகை வெளியே போகும், நெருப்பும் ஓங்கி எரியும். குறுக்கே நின்றால் வழி அடைபட்டுவிடும். அப்பா எங்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி இதைப் பாடமாக நடத்தினார். அம்மாவையும் என்னையும் தவிர, மூன்றாவதாக அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்தாறு வயது. எங்களோடுதான் இருந்தாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஊர் நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். கணக்கில் கெட்டிக்காரி. சேலத்தில் பி.எட். படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா மில்லுக்குப் போனதும், அம்மா "நான் சோறாக்கறதா, கோழிக்குஞ்சுக்கு வெயில் காட்டறதா?" என்று சமையலறைக்குள் போய்விடுவாள். பள்ளி விடுமுறையில் இருந்த அத்தை தலையில் உலை வந்து விழுந்தது. என் தலையில் வெப்பமானி. சுவரில் தொங்கிய அதை அரைமணிக்கொரு தரம் பார்த்து, எத்தனை டிகிரி பாரன்ஹீட் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தெருவில் என் வயதுப் பிள்ளைகள் நொண்டி விளையாடிக்கொண்டிருக்க, நான் "தொண்ணூத்தி நாலு! தொண்ணூத்தி மூணு!" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை இரண்டே நாளில் அந்த உலையை அப்பாவைவிட நன்றாகப் பழகிக்கொண்டாள். எந்த விறகு காய்ந்தது, எது ஈரம் என்று தட்டிப் பார்த்தே சொல்வாள். கரியை எப்போது போடுவது, தகட்டை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது நாளில் ஒருமுறைகூட அது அவள் கையில் புகையவில்லை.

வீடு மட்டும் தாங்கவில்லை. அதிரசத்துக்கு வாங்கிய வெல்லம் டப்பாவுக்குள் இளகிக் கட்டியாய் ஒட்டிக்கொண்டது. திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்திகள், ஏற்றுவதற்கு முன்பே, மன்னிப்புக் கேட்பவர்களைப் போல வளைந்து தலை குனிந்தன. தகரத்தைத் தாண்டி வந்த ஒரு குஞ்சு குடிலுக்குள் புகுந்து, குழந்தை இயேசுவுக்கு என்று போட்டிருந்த வைக்கோலில் படுத்துக்கொண்டது. துணி, தலைமுடி, சாம்பார், ஜெபப் புத்தகம் எல்லாவற்றிலும் கரி வாடை. அம்மா ஒரு நாள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, "செத்தப்புறம் நெருப்புல வெந்து பாவம் கழியற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு நான் தனியாப் போக வேண்டியதில்லீங்க, நீங்க ஊட்டுக்கே கொண்டாந்துட்டீங்க" என்றாள். அப்பா அதையும் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில்தான் சேலத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் சின்ன அச்சகம். குடும்பம் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை. படித்தது போதும், வேலைக்கும் போக வேண்டாம்.

அன்று சாப்பிடும்போது அத்தை சொன்னாள். "அண்ணா, எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வேணுங்க. பி.எட். முடிச்சுட்டு நீங்க யாரைச் சொன்னாலும்..."

"வரச் சொல்லியாச்சு அம்மிணி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாராங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கண்ணா."

"பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே பேரம் பேசச் சொல்றியா? சாப்பிடு."

அத்தை சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். எனக்கு அந்தப் பேச்சில் பிடித்தது, சேலத்துக்காரர்கள் வரும்போது இனிப்பு வாங்கி வருவார்கள் என்பது மட்டும்தான்.

அம்மா அப்பாவிடம் மூன்று நாள் மன்றாடினாள். பக்கத்து வீட்டில் வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றாள். அப்பா மசியவில்லை. "மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம தொழிலைப் பார்க்கட்டும்" என்றார். உலையைக் காட்டினால் சம்பந்தம் உறுதியாகிவிடும் என்றே அவர் எண்ணியிருந்தார். கடைசியில் ஒரு கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் குஞ்சுகள் என்று அம்மா கூடத்தைப் பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் அத்தை பட்டுப்புடவையோடு உலைக்கு முன்னால் உட்கார்ந்து விறகு அடுக்கினாள். அது அம்மா வாசல் கழுவிய தண்ணீர் ஓடி நனைந்த அடிவரிசை விறகு.

"அத்தை, அது ஈரமுங்க."

"உள்ள போனா ஒலந்துக்கும் சாமி" என்றாள். மேலே இரண்டு முறம் கரித்தூளையும் அள்ளிப் போட்டாள்.

பதினோரு மணிக்குக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூட ஒரு பெரியவர். உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா ஒரு நொடி வாசலிலேயே நின்றார், தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்பதைப் போல. பிறகு உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறத் தொடங்கினார். அப்பா, போர்வைக்குப் பின்னாலிருந்து வந்த கீச்கீச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, பாய்லரில் அழுத்தம் ஏறுவது எப்படி என்று ஆரம்பித்துவிட்டார். பெரியவர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். மாப்பிள்ளை மட்டும் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அத்தை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சாமி, அந்தத் தகட்டைக் குறுக்கால திருப்பி உட்டுட்டு வா."

"அப்பா சாத்தக் கூடாதுன்னாருங்களே?"

"கொஞ்ச நேரந்தான். நெருப்பு அடங்குச்சுன்னா வேக்காடு கம்மியாகும். வந்தவங்க காபி குடிக்க வேண்டாமா?"

நியாயமாகத்தான் இருந்தது. போர்வைக்குப் பின்னால் போய், கைப்பிடியைத் துணி வைத்துப் பிடித்து, குறுக்கே திருப்பிவிட்டு வந்தேன்.

அத்தை காபி கொண்டுவந்தாள். அதே நேரத்தில், போர்வைக்கு அடியில் நுழைந்து ஒரு குஞ்சு இந்தப் பக்கம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து அதை உள்ளங்கையில் ஏந்தினார். "இவ்வளவு பேரையும் யார் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை, "நான்தாங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "பேர் வெச்சுக் கூப்பிடுவீங்களா?" என்றார். அத்தையும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். பிறகு சட்டென்று திரும்பிப் போர்வையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் போர்வையின் மேல்விளிம்பிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புகை பொங்கி வழிந்தது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. உலையின் கதவு தானாகத் திறந்துகொண்டு உள்ளிருந்த புகை முழுக்க வெளியே கக்கியது. கண் தெரியவில்லை. இருமலும் தம்ளர் உருளும் சத்தமும்தான். மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு ஓடிய வேகத்தில் அங்கே தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு தலையில் மாட்டி, அதோடேயே தெருவுக்குப் போனார். அப்பா குழாயைத் தேடிப் பிடித்துத் தகட்டைத் திருப்பினார். வெறும் கையால். அம்மா என்னை வெளியே தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். மடியில் குஞ்சுகளை வாரிக்கொண்டு வந்தாள். அத்தை பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு போனாள், வந்தாள், போனாள். "கண்ணுகளா, கண்ணுகளா" என்று அவள் கத்திக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது. அவளுக்குப் பின்னாலேயே, புதுச்சட்டை கரியாகி, அட்டைப் பெட்டியில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளை.

புகை அடங்கியபோது வாசல் முழுக்கக் குஞ்சுகள். எல்லோர் முகத்திலும் மூக்கைச் சுற்றிக் கறுப்பு. உள்மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய குஞ்சுகளில் முப்பத்தேழு செத்துவிட்டன. அத்தை அவற்றை ஒரு முறத்தில் எடுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, அப்படியே நின்றாள்.

அப்பா வெந்துபோன கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார்.

"தகட்டைக் குறுக்கால திருப்புனது யாரு?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அத்தை முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு கேக்கறேன்!"

"நான்தாங்கப்பா."

அதுவரைக்கும் அப்பா என்னை அடித்ததில்லை. முதுகில் விழுந்த அடியில் மூச்சு நின்று வந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் அம்மா நடுவில் வந்துவிட்டாள்.

"பச்சப்புள்ளையை எதுக்கு அடிக்கறீங்க? ஊட்டுக்குள்ள நெருப்பை வெச்சது அவளா, நீங்களா? சொல்லுங்க, அவளா நீங்களா?"

அத்தனை நாள் அடக்கிவைத்த எல்லாம் அதில் வந்துவிட்டது. அப்பா ஓங்கிய கையைக் கீழே போட்டார். மாப்பிள்ளையின் அம்மா காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெரியவர், "சொல்லி அனுப்பறோம்" என்றார். சொல்லி அனுப்பப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும் கார் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அத்தை நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே கூரைத் தகடு வந்தது. உலை கொட்டகைக்குப் போனது. அங்கே அது ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது என்பதுதான் எரிச்சலான விஷயம். "உலையில ஒரு கோளாறும் இல்லீங்க, ஒரு சின்னப்புள்ளை கை வெச்சுப் போட்டா, அவ்வளவுதான்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார். அந்தச் சின்னப்பிள்ளையின் பெயர் சொந்தக்காரர்களிடம் புகைக்காரி என்று நிலைத்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கன்னத்தைக் கிள்ளி, "அத்தை கல்யாணத்தைப் பொகை போட்டு வெரட்டுனவ நீதான?" என்று கேட்பார்கள். பக்கத்தில் அத்தை இருந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

கையில் கட்டோடு ஒரு மாதம் வீட்டில் இருந்த அப்பா, என்ன நினைத்தாரோ, அடுத்த வருடம் அத்தையைச் சேலத்தில் பி.எட். சேர்த்துவிட்டார். இப்போது அவள் எருமப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்தொரு வயதில், உடன் வேலை பார்த்த ஒருவரைத் தானாகச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

அன்று அவசரத்தில் என்னிடம் சொன்னதை அத்தை மறந்துவிட்டாள் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மறக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பு முடியுமுன்பே என்னைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்று அப்பா போனில் சொன்னார். விடுதிப் படியில் உட்கார்ந்து, அந்த வரவை எப்படி நிறுத்தலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த ஈர விறகு நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் பத்து வயதில் எனக்கு இவை எதுவும் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போனேன். அத்தை பட்டுப்புடவையை மாற்றாமலேயே குழி வெட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் குஞ்சுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

அவள் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அத்தை, நீங்க சொல்லித்தான் திருப்புனேன்னு அப்பாகிட்டச் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன். அவசரத்துல உங்களுக்கு மறந்து போயிருக்கும், எனக்குத் தெரியுங்க."

அத்தையின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அவள் மண்ணிலேயே உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா அடித்த இடத்தில் அவள் கை திரும்பத் திரும்பத் தடவியது. முகத்தை என் தலையில் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். நான் பார்த்த பெரியவர்களில் யாரும் அப்படி அழுததில்லை.

மாப்பிள்ளை போய்விட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "அழுவாதீங்க அத்தை, அவரைவிட நல்ல மாப்பிள்ளை வருவாங்க" என்று, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலை, அவள் நிறுத்தும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.